மங்கம்மாளும் மீனாட்சியும்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து முதியவர்களிடம் பழஞ்சாலைகளைப் பற்றிக் கேட்டால், மங்கம்மாள் பெயர் வராமல் இராது. தென்மாவட்டங்களின் பழைய வழிகள் பலவற்றுக்கு 'மங்கம்மாள் சாலை' என்ற வழக்கு இன்றும் உண்டு. நம் மாவட்டத்து நதிக்குடியில் பிறந்த நா. பார்த்தசாரதி அவ்வரசியின் பெயராலேயே புதினம் இயற்றினார். ஆனால் அதே மதுரை நாயக்கர் மரபின் இறுதி அரசியான மீனாட்சியைப் பற்றிக் கேட்டால், மதுரைக் கோயில் அம்மனைத்தான் சொல்வர். ஒரே குடும்பத்து இரு அரசியருள் ஒருவருக்குப் புகழும் மற்றவருக்கு மறதியும் வாய்த்தது ஏன் என்பதை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

இருவரும் கைம்பெண்கள், இருவரும் முடிசூடாமல், சிறுவர்க்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர்கள். 1689இல் மகன் முத்துவீரப்பர் இறக்க, கைக்குழந்தையான பேரன் விசயரங்க சொக்கநாதன் சார்பில் மங்கம்மாள் 1706 வரை ஆண்டார். மொகலாயருக்குத் திறை செலுத்திப் போரைத் தவிர்த்தார்; 1697இல் திருவிதாங்கூர் மேல் படை அனுப்பித் திறை பெற்றார். எல்லாப் போரிலும் வென்றார் என்பதற்கில்லை. 1702இல் சேதுபதியோடு பொருத போரில் தம் தளவாய் நரசப்பையரையே இழந்தார். எனினும் மக்கள் நினைவில் நின்றவை போர்கள் அல்ல. சாலையும் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும்தாம். இடக்கையால் வெற்றிலை போட்டதற்குக் கழுவாயாகவே இவற்றைச் செய்தார் என்பது செவிவழிக் கதை. காரணம் எதுவாயினும், வழிநடப்போன் நிழலில் அமரும்போது அரசியை வாழ்த்தினான். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் சத்திரம் இன்றும் இருக்கிறது. 1701இல், பேரன் பெயரால், திருச்சிராப்பள்ளித் தர்காவின் பேணுதலுக்கும் நிலங்கள் வழங்கப்பெற்றன.

மீனாட்சிக்கோ நான்கே ஆண்டுகள். 1732இல் கணவர் விசயரங்கர் பிள்ளையின்றி இறந்தார். பங்காரு திருமலையின் மகனைச் சுவீகாரம் கொண்டு மீனாட்சி ஆளத் தொடங்க, அப்பங்காருவே அரசுரிமை கோரி எதிர்த்தார். இருவரும் ஆர்க்காட்டு நவாபின் படையைத் துணைக்கு அழைத்தனர். நவாபின் மருமகன் சந்தா சாகிபு ஒரு கோடி ரூபாய்க்கு மீனாட்சியைக் காப்பதாகத் திருக்குர்ஆன் மேல் சத்தியம் செய்தார் என்பர். 1736இல் பங்காருவின் படையை அம்மையநாயக்கனூரில் முறியடித்தபின், அவர் அரசியையே சிறைவைத்தார். மீனாட்சி நஞ்சுண்டு மாண்டார். நாயக்கர் அரசும் முடிந்தது.

இப்பகுதியை நாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் தயங்கித் தயங்கி, "ஐயா, சந்தா சாகிபு நம்மவர்தானே?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாயிற்று. அவர் துணிக்குள் வைத்தது திருமறையன்று, வெறும் செங்கல் என்றொரு கதையும் உண்டு. அதைச் சொல்லி நழுவியிருக்கலாம். நாம் நழுவவில்லை. வாக்கை நிறைவேற்றுக எனக் கட்டளையிடும் மறையைக் காட்டி ஒரு பெண்ணை நம்பவைத்திருந்தால், உள்ளே இருந்தது செங்கல் என்பது குற்றத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அவர் நம் சமயத்தார் என்பதற்காக நாம் வழக்குரைஞர் ஆக வேண்டியதில்லை; அவர் ஒருவர் செயலுக்காக ஒரு சமுதாயம் தலைகுனியவும் வேண்டியதில்லை. அப்படித்தான் விடை சொன்னோம். மணி அடித்தபின்பும் அம்மாணவர் சிறிது நேரம் நின்று, அவர் பின்னர் என்னவானார் என்று கேட்டறிந்தே போனார். 1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைகொண்டனர். 1752இல் தஞ்சைப் படைத்தலைவர் ஆணையால் அவர் கொல்லப்பட்டார்.

மீனாட்சி திறமையற்றவர் எனச் சிலர் எழுதிவிடுகின்றனர். நமக்கு அது முழு நீதியாகப் படவில்லை. மங்கம்மாள் வளர்த்த பேரன் கோயில் திருப்பணிகளிலும் கொடைகளிலும் இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தார். படையும் கருவூலமும் தளர்ந்தன. பாட்டியார் சாலை அமைத்த அளவுக்குப் பேரனை அரசனாக அமைக்கவில்லை. அந்தக் கடனை அடைக்க வந்தவர் மீனாட்சி. மங்கம்மாளுக்கு அடங்கிய தளவாயும் பதினேழு ஆண்டுக் காலமும் கிடைத்தன. மீனாட்சிக்கு வீட்டுக்குள்ளேயே பகை. ஒரு மரம் நட்டு நிழல் காணும் காலம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் பெயரால் ஓர் அரண்மனை நிற்கிறது. அடுத்த முறை மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும்போது, கட்டியவர் கதையோடு அம்மரபின் கடைசி அரசியின் கதையையும் சேர்த்தே சொல்ல எண்ணியுள்ளோம்.