நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஓப்பன் கிச்சனில் எதை எங்கே வைப்பது?

சென்னையில் இப்போது கட்டும் இரண்டு படுக்கையறை வீடுகள் பலவற்றில் சமையலறைக்குக் கதவு கிடையாது. ஹாலுக்கும் அதற்கும் நடுவில் சுவரும் கிடையாது. எட்டடிக்கு ஏழடி இடம், ஒரு பக்கம் கிரானைட் மேடை, கூடிப்போனால் ‘எல்’ வடிவத்தில் இன்னொரு துண்டு. அதற்குள் அடுப்பு, சிம்னி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், மைக்ரோவேவ், வாட்டர் ஃபில்டர் எல்லாம் அடங்க வேண்டும். சாவி கைக்கு வந்ததும் டேப்பை எடுத்து ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் அளக்கிறோம். அளக்க வேண்டியதுதான். ஆனால் எந்தச் சாதனம் எதை வெளியே விடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. வெப்பமா, ஆவியா, தண்ணீரா, சத்தமா? ஒரு பொருளின் இடத்தை முடிவுசெய்ய வேண்டியது இந்தக் கேள்விதான். அதைக் கேட்காத வீடுகளில்தான் கீழே உள்ள நம்பிக்கைகள் நிலைத்திருக்கின்றன.

நம்பிக்கை: ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் சுட்டால் அதில் கோளாறு.

உண்மை: பழைய ஃபிரிட்ஜ்களின் முதுகில் கறுப்பாக ஒரு கம்பி வலை இருந்ததே, நினைவிருக்கிறதா? உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளும் குழாய் அது. இப்போது வரும் மாடல்கள் பலவற்றில் அந்தக் குழாய் பக்கத் தகடுகளுக்குள் போய்விட்டது. ஆகவே பக்கம் சுடுவது இயல்பு. வினை எப்போது வருகிறதென்றால், “சுவரோடு சேர்ந்தமாதிரி தெரியணும்” என்று ஆசாரியிடம் சொல்லி மூன்று பக்கமும் ப்ளைவுட்டால் இறுக்கி அடைக்கும்போது. வெப்பம் போக வழியில்லாமல் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது கூடவே வரும் கையேட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கூடு செய்யச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜின் தலையில் மைக்ரோவேவை ஏற்றுவதும் இதே கதைதான். இரண்டுமே சூடு விடுபவை. அதோடு, கொதிக்கிற சாம்பார்க் கிண்ணத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது உயரமானவர்களுக்கே ஆபத்து. மைக்ரோவேவின் இடம் மார்பளவு உயரம். அடுப்பையும் ஃபிரிட்ஜையும் ஒட்டி வைக்காதீர்கள். நடுவில் காய் நறுக்கும் அளவுக்காவது மேடை இருக்கட்டும். இடமே இல்லையென்றால், நடுவில் வெப்பம் தாங்கும் தடுப்பு ஒன்று.

நம்பிக்கை: டக்ட் இல்லாத சிம்னியே போதும், எப்படியும் ஓப்பன் கிச்சனில் காற்றோட்டம் இருக்கிறது.

உண்மை: நம் சமையலுக்கு இது பொருந்தவே பொருந்தாது. டக்ட் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டும். கரி ஃபில்டர் புதிதாக இருக்கும்வரை வாடையையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் வெப்பத்தையும் நீராவியையும் திரும்ப அறைக்குள்ளேயே விட்டுவிடும். காஸ் எரியும்போதே நீராவியும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. அவையும் உள்ளேயே தங்கும். இட்லிப் பானையின் ஆவியும் மிளகாய் தாளித்த நெடியும் சேர்ந்தால் ஹாலில் உள்ள சோஃபா துணிதான் ஃபில்டர்.

டக்ட் உள்ள சிம்னி வாங்கினாலும் வேலை முடியவில்லை. பெட்டிமேல் மணிக்கு 1200 கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். குழாய் எத்தனை முறை வளைகிறதோ அத்தனைக்கும் அந்த இழுவை குறையும். அடுப்பு எந்த இடம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, குழாயை மூன்று வளைவு வளைத்துப் பரணுக்குள் நுழைத்து யூட்டிலிட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். நடக்க வேண்டியது தலைகீழ்: குழாய் வெளியேறும் துவாரம் எங்கே என்று பார்த்து, அதற்கு நேர் அருகில் அடுப்பு. சிம்னியின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக்கூடாது. பொதுவாக, அடுப்புக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டுவார்கள்.

இன்னொன்று. சிம்னி வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஹாலில் ஏசி போட்டு எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டுச் சிம்னியைத் திருகினால், இழுக்கக் காற்றில்லாமல் அது திணறும். இழுக்கிற கொஞ்சமும் நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று. தாளிக்கிற பத்து நிமிடத்துக்கு ஏசியை அணைத்து, தூரத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள்.

நம்பிக்கை: சிலிண்டரைக் கீழ் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் பாதுகாப்பு.

உண்மை: சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். மூடிய அலமாரிக்குள் அது சேர்ந்துகொண்டே இருக்கும். தடுப்புச் சுவர் இல்லாத வீட்டில் பரவினாலோ, தரையோடு ஹாலுக்கே வந்துவிடும். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது உள்ளே எழும் சிறு பொறி போதும். எனவே அலமாரியின் அடியில், தரைமட்டத்தில், திறப்பு கட்டாயம். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜும் பிளக் பாயிண்டும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. குழாய் எரிவாயு வந்துவிட்ட வீடுகளில் கணக்கு வேறு. அது மீத்தேன், காற்றைவிட லேசானது, கூரையை நோக்கிப் போகும். அங்கே திறப்பு மேலே வேண்டும். எல்பிஜி கசிவைச் சொல்வதற்கான அவசர எண் 1906. அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நம்பிக்கை: வாஸ்துப்படி அடுப்பு தென்கிழக்கில் இருந்துவிட்டால் எல்லாம் சரி.

உண்மை: வாஸ்து பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் சென்னையில் பிற்பகல் கடற்காற்று வருவது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான். அந்த மூலையில் ஜன்னலும் இருந்தால் காற்று நேரே பர்னரில் மோதும். சிம்மில் வைத்த தீ அணைந்து, காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஹால் மின்விசிறியும் இதே வேலையைச் செய்யும். தீ அணைந்தால் காஸைத் தானே நிறுத்தும் வசதியுள்ள அடுப்புகள் கிடைக்கின்றன. ஓப்பன் கிச்சனுக்கு அப்படி ஒன்றை வாங்குவது ஆடம்பரமல்ல.

நம்பிக்கை: அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றும் முக்கோணமாக அமைய வேண்டும்.

உண்மை: இந்த விதி 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து பரவியது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி என்பது அதன் கணக்கு. எட்டடி மேடையில் முக்கோணம் வராது, நேர்கோடுதான் வரும். வராவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஃபிரிட்ஜ், சிங்க், நறுக்கும் இடம், அடுப்பு என்று வேலை நடக்கும் வரிசையிலேயே வைத்தால் நடை மிச்சம். இடம் சிறியது என்பது இதற்குத் தடையல்ல: 1926-இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ரயில் உணவுப்பெட்டியின் சமையலறையும் அதற்கு ஒரு முன்மாதிரி.

அந்த முக்கோணத்தில் மிக்ஸிக்கு இடமில்லை என்பதையும் கவனியுங்கள். நம் வீட்டில் அது நாளுக்கு நாலுமுறை ஓடுகிறது. அதை எடுத்து எடுத்து வைக்க முடியாது. சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் நிரந்தர இடம் கொடுங்கள். சுவரை ஒட்டாமல், அடியில் ரப்பர் விரிப்போடு வைத்தால் ஹாலில் படிக்கிற பிள்ளைக்கு இரைச்சல் கொஞ்சம் குறையும். கிரைண்டரை வாரம் இரண்டு முறைதானே என்று பரணில் ஏற்றாதீர்கள். கல்லோடு பத்துக் கிலோவுக்கு மேல் வரும். இடுப்புக்குக் கீழே இழுத்துத் தள்ளும் பலகை போதும். வாட்டர் ஃபில்டர், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டும் தண்ணீரைக் கொட்டுபவை. அவற்றுக்குச் சிங்க் ஓரம்தான், வேறு யோசனை வேண்டாம்.

நம்பிக்கை: பிளக் பாயிண்ட் பற்றாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர், 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட். 750 வாட் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அது தாராளம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் தனியாக வேண்டும், மைக்ரோவேவுக்கும் அப்படியே. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் வயர் உருகும். ஃபிரிட்ஜின் பிளக்கை அதன் முதுகுக்குப் பின்னால் புதைக்காமல், கை எட்டும்படி பக்கத்தில் கேளுங்கள். அடுப்புக்கு மேலும் சிங்குக்கு நேர் மேலும் பாயிண்ட் எதுவும் வேண்டாம்.

எந்தச் சாதனம் எங்கே என்பதைச் சுவரில் சாக்பீஸால் வரைந்து, எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் ஒரே நாளில் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். இது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். மாடுலர் கிச்சன்காரரின் வண்ணப் படத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.