ஓட்டு இல்லாதவர்களும் உன் ஊர்தான்

அன்புள்ள மகளுக்கு,

அச்சுக்குக் கொடுக்கும் முன் பார்த்துச் சொல்லுங்கள் பெரியம்மா என்று நீ அனுப்பிய தேர்தல் நோட்டீஸைப் படித்தேன். முதல் வாக்குறுதியாக, சிப்காட் கம்பெனிகளில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தருவேன் என்று போட்டிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு.

ஊராட்சித் தலைவருக்கு எந்தக் கம்பெனியிலும் ஆள் சேர்க்கும் அதிகாரம் கிடையாது. நம் பக்கத்து நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தெருவுக்கு வந்தபோது எந்த ஊராட்சியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதிகாரம் இல்லாத ஒருவர் வேலை வாங்கித் தர வேண்டுமென்றால், ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டரோடு கைகோப்பதுதான் வழி. அதற்கடுத்து கேன்டீன், வேன் கான்ட்ராக்ட், கடைசியில் ஸ்கிராப் எடுப்பது. நம் பக்கத்தில் ஸ்கிராப் எடுக்கும் போட்டி வெட்டுக்குத்து வரை போனதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஒரு கம்பெனியில் ஸ்கிராப் எடுக்கும் தலைவர், அந்தக் கம்பெனியின் கழிவு எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்க மாட்டார். வீட்டுக்காரரோ அண்ணனோ தம்பியோ எடுத்தாலும் அதே கதைதான். இதை வீட்டில் இப்போதே பேசி முடித்துக்கொள்.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கி 1996-ல் நடந்த தேர்தலில் நான் வார்டு உறுப்பினரானேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வேலை தொடங்கிய சமயம் அது. 1998-ல் கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர், பிறகு ராயல் என்ஃபீல்டு. காரும் லாரியும் டயரும் கைப்பேசியும் செய்யும் இந்தத் தொழிற்சாலைகளில் பலவும் இன்றைக்கும் கிராம ஊராட்சி எல்லைக்குள்தான் நிற்கின்றன. தண்ணீர், தெருவிளக்கு, குப்பை என்று அன்றாடம் பார்க்க வேண்டியவர்கள் ஒரு தலைவரும் சில வார்டு உறுப்பினர்களும் ஒரு ஊராட்சிச் செயலரும். நீ போட்டியிடுவது இந்த இடத்துக்கு. நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறாய். அந்தப் பட்டியலில் இல்லாதவர்களையும் எண்ணு. லைன் வீட்டில் ஒரு ரூமுக்கு ஆறு பேர், எட்டு பேர் என்று இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரிப் பிள்ளைகள். ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள். பெரும்பாலோருக்கு ஓட்டு சொந்த ஊரில். அதனால்தான் ஓட்டுக் கேட்பவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஊரின் தண்ணீரும் சாக்கடையும் குப்பையும் அவர்களையும் சேர்த்துத்தான் ஓடுகின்றன. ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் குடும்பம் என்று கொடுத்த ஒரு இணைப்பில் முப்பது பேர் குளித்தால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. பிறகு வடக்கத்தி ஆட்கள் வந்து தண்ணீரைக் காலி செய்கிறார்கள் என்று பேச்சு கிளம்பும். குற்றம் தொட்டியின் அளவைத் தீர்மானித்தவர்களுடையது. குளிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

பணமும் இந்த எண்ணிக்கையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதுவரை வந்த மத்திய நிதிக்குழு மானியத்தின் அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கு. அதற்குப் பிறகு இங்கே வந்து குடியேறிய அத்தனை பேரும் அந்தக் கணக்கில் இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணும் வேலையை 2027 பிப்ரவரிக்கு அறிவித்திருக்கிறார்கள். நீ ஜெயித்தால் பதவிக்கு வந்தவுடன் உனக்கு முன்னால் நிற்கும் முதல் பெரிய வேலை அதுவே. கணக்கெடுப்பவர் வரும்போது வீட்டு உரிமையாளர், எங்கள் குடும்பம் நாலு பேர் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். மேலே இருக்கும் ரூம்களைச் சொன்னால் வீட்டுவரி ஏறும் என்று பயம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் நீயே போய், எந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்று எழுதி வைத்து, கணக்கெடுப்பவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு தலை விடுபட்டால் பல ஆண்டுகளுக்கு அந்தத் தலைக்கான பணம் ஊருக்கு வராது.

இவர்கள் ஊருக்கு ஒன்றும் தருவதில்லை என்பவர்களுக்கும் பதில் தெரிந்து வைத்துக்கொள். சம்பளத்தில் பிடிக்கும் தொழில்வரி உள்ளாட்சிக்கு வர வேண்டிய பணம். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது அரசியலமைப்பின் 276-வது பிரிவு. அரையாண்டுக்கு ஒருமுறை கம்பெனிகள் ஊராட்சியில் கட்டுகின்றன. நிரந்தரத் தொழிலாளிகளுக்கு இது ஒழுங்காக நடக்கும். கான்ட்ராக்ட் தொழிலாளிகளின் தொழில்வரியை கான்ட்ராக்டர் எந்த ஊரில் கட்டுகிறார், கட்டுகிறாரா என்று கம்பெனி கம்பெனியாகக் கேள். நோட்டீஸில் போடும் எந்த வாக்குறுதியையும் விட இந்தக் கேள்வியால் ஊருக்கு அதிகப் பணம் வரலாம்.

அடுத்தது செப்டிக் டேங்க். நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மேடையில் பேச யாருக்கும் பிடிக்காத விஷயம். ஆனால் 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் செப்டிக் டேங்கின் விஷவாயுவில் ஆறு பேர் இறந்தார்கள். ஒருவர் விழ, காப்பாற்றப் போனவர்களும் விழ, ஒன்றன்பின் ஒன்றாகப் போன உயிர்கள். மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அப்படியும் நடக்கக் காரணம் ஊருக்கே தெரியும்: ஒரு குடும்பத்துக்கு என்று கட்டிய தொட்டியில் ஐம்பது பேரின் கழிவு விழுகிறது. மாதத்துக்கு மாதம் நிறைகிறது. ஒவ்வொரு முறையும் லாரிக்குக் காசு கொடுக்க உரிமையாளருக்கு மனசு வருவதில்லை. வரும் லாரியும் தூரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் இருட்டில் ஏதாவது ஒரு கால்வாயில் திறந்துவிடுகிறது.

இதற்கு நீ செய்யக்கூடியது நிறைய உண்டு. வாடகைக்கு விடும் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் தொட்டி எத்தனை, கொள்ளளவு எவ்வளவு, கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று ஒரு பதிவேடு போடு. உரிமம் உள்ள லாரிகளின் எண்களை ஊராட்சிச் சுவரில் எழுது. லாரி எங்கே போய்க் கொட்டியது என்பதற்கு ரசீது வாங்கு. புதிதாக மாடி கட்ட அனுமதி கேட்டு வருபவரிடம், இதில் எத்தனை பேர் தங்கப் போகிறார்கள் என்று முதலில் கேள். உன் சொந்தக்காரர்கள் பலருக்கு வாடகைதான் வருமானம் என்பது எனக்குத் தெரியும். சண்டை வரும். அவர்களிடமும் இதையே கேள்.

பெண் பிள்ளைகளின் விடுதிகளுக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாக்ஸ்கான் தொழிலாளிகள் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியாத தவிப்பில் மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைகள் எப்படித் தங்கியிருந்தார்கள் என்பதே வெளியுலகத்துக்குத் தெரிந்தது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் இன்னும் எத்தனையோ பேர் தனியார் கட்டடங்களில்தான் இருக்கிறார்கள். பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014 சட்டப்படி உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். உன் ஊரில் உரிமம் இல்லாத விடுதி எது என்று அவருக்கு எழுத நீ போதும். கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து விடுதி வாசல் வரைக்கும், இரவு ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஒருநாள் நட. எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று எந்த மனுவும் பார்க்காமலே தெரிந்துவிடும்.

ஏரியைப் பற்றி நீ எழுதியிருப்பது சரி, ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரி ஒன்றியத்தின் பொறுப்பு, பெரிய ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. யாரிடம் மனுக் கொடுப்பது என்று தெரியாமல் அலைந்தே பலர் சோர்ந்துபோனார்கள். கரையை விட வரத்துக்கால்வாயையும் கலங்கலையும் பார். அங்கேதான் காம்பவுண்டு சுவர்கள் வரும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் போகிறது. 2015 டிசம்பரில் அங்கே 29,000 கன அடி திறந்தபோது கீழே அடையாற்றங்கரையில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுங்குவார்சத்திரத்தில் 2024-ல் சாம்சங் தொழிலாளிகள் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்படி ஒன்று வந்தால் தலைவர் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். பேச்சுவார்த்தை உன் கையில் இல்லை என்று நேராகச் சொல். வெயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் உன் கையில் இருக்கின்றன. அதைக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்காதே. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளிகளை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய்ப் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். அந்த மாதிரி நாளில் தலைவர் அவர்கள் ரூம் வாசலில் நிற்க வேண்டும். அன்றைக்கு முதல்முறையாகப் போய் நின்றால் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக கிராம சபை. ஏகனாபுரத்து மக்கள் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அதனால் திட்டம் நிற்கவில்லை என்று சிலர் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருப்பாய். ஊர் சம்மதிக்கவில்லை என்பது எழுத்தில் இருக்கிறதே, அது சின்ன விஷயமா? உன் ஊர் மினிட் புத்தகத்திலும் எல்லாம் எழுத்தில் ஏற வேண்டும். சட்டப்படி கிராம சபையின் உறுப்பினர்கள் ஊரின் வாக்காளர்கள். ரூமில் இருப்பவர்கள் கை தூக்க முடியாது. ஆனால் வந்து உட்காரலாம், குறையைச் சொல்லலாம், நீ அதைப் பதிவு செய்யலாம். இன்னொன்றைக் கவனி: கிராம சபை கூடும் நாட்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை. முந்தின நாளே இந்தியும் ஒடியாவும் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிடு. காலை பதினோரு மணிக்கு வைத்தால் நைட் ஷிஃப்ட் முடித்தவர்களுக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும்.

அன்புடன்,
பெரியம்மா