முன்னால் ஏறும் பாரம்

பழைய டிராக்டருக்கு முன் லோடர் மாட்டலாமா என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் பக்கெட் எவ்வளவு பெரிசு என்றுதான் பார்க்கிறார்கள். நான் அவர்களை வண்டியின் பின்பக்கம் கூட்டிப்போய், மூன்று புள்ளி இணைப்பில் தொங்கும் கான்கிரீட் கட்டையைக் காட்டுவேன். லோடர் செலவை அங்கிருந்துதான் கணக்குப் போட வேண்டும்.

என்னிடம் இருப்பது மாசி ஃபெர்குசன் 1035. 36 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், சிங்கிள் கிளட்ச், கைபலத்தில் திருப்பும் ஸ்டீயரிங். புதுச்சேரி பாகூர் ஏரிப் பாசனக் களிமண்ணில் கேஜ் வீல் போட்டுச் சேறு அடிக்கவும், கரும்பு டிரெய்லர் இழுக்கவும் இதுவரை முகம் சுளித்ததில்லை. லோடர் நினைப்பு வந்தது வெள்ளத்துக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, பாகூர் சுற்றுப்புற நிலமெல்லாம் மூழ்கியது. தண்ணீர் வடிந்தபோது வயலில் மணலும் வண்டலும் கிடந்தன. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஜேசிபி வேண்டும் என்றால் யாருக்குக் கிடைக்கும்?

அதற்காக எல்லோரும் லோடர் வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். டிராக்டர் லோடர் அள்ளும், தோண்டாது. இறுகிப்போன தரையைப் பக்கெட் பல்லால் குத்தினால் லோடர் கை வளையும், முன் ஆக்சில் முனகும். குவிந்து கிடக்கும் எரு, மணல், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலிருந்து வரும் பிரஸ் மட் போன்ற உதிரிச் சரக்குக்குத்தான் இது சரி. வருஷத்தில் சில நாள் வேலைதான் இருக்கிறது என்றால் ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்குக் கூப்பிடுவதே லாபம். எனக்கு மாட்டு எரு, பிரஸ் மட் இரண்டும் வருஷம் முழுக்க இருந்ததால் இறங்கினேன்.

இனி பின்பக்கத்துக்கு வருவோம். ஹாரி ஃபெர்குசன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பின் சூட்சுமமே, கலப்பை இழுபடும் விசையைப் பின் சக்கரத்தின் மேல் பாரமாக மாற்றுவதுதான். அந்த வழியில் வந்த வண்டிகளில் முன் சக்கரம் பெரும்பாலும் திசை காட்டத்தான் இருக்கிறது. லாரிக்கு இருப்பதுபோல் அடியில் சேசிஸும் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஹவுசிங் நான்கையும் போல்ட்டில் கோத்ததுதான் வண்டியின் முதுகெலும்பு. லோடர் மாட்டும்போது இந்த ஏற்பாடு முழுவதையும் தலைகீழாக்குகிறோம்.

எவ்வளவு தலைகீழ் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே சுமார் 1.8 மீட்டர். பக்கெட்டின் பாரம் முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னால் நிற்கிறது என்று வையுங்கள். பக்கெட்டில் 400 கிலோ மண் அள்ளினால் முன் ஆக்சிலில் ஏறுவது 400 இல்லை, ஏறத்தாழ 670 கிலோ. மிச்சம் 270 கிலோ பின் சக்கரத்திலிருந்து கழிந்து வந்தது. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொத்த வண்டியே 1,700 கிலோ சொச்சம்தான். லோடரின் சொந்த எடை இதற்கு மேல்.

பின் டயரில் தண்ணீர் நிரப்பிவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். தண்ணீர் பிடிமானம் தரும், வண்டி பின்னால் தூக்காமல் காக்கும். ஆனால் அந்த எடை பின் ஆக்சிலின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் முன் ஆக்சிலின் பாரத்தில் ஒரு கிலோவும் குறையாது. பின் ஆக்சிலுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் 300 கிலோ கட்டையைத் தொங்கவிட்டால் முன்னால் 150 கிலோ குறையும். கான்கிரீட்டும் பழைய இரும்புத் துண்டுகளும் போட்டு உள்ளூரிலேயே வார்த்துக்கொள்ளலாம். நான் டயர் தண்ணீர், கட்டை இரண்டையும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஃபிரேம். சில பட்டறைகளில் இன்ஜின் பக்கவாட்டு போல்ட்டுகளில் பிராக்கெட் வைத்து முடித்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும், செலவும் கம்மி. கிளட்ச் ஹவுசிங் இணைப்பில் எண்ணெய் கசியத் தொடங்கும்போதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும். முன் சப்போர்ட்டில் தொடங்கி இருபுறமும் பின் ஆக்சில் ஹவுசிங் வரை ஓடுகிற முழுநீள ஃபிரேம் இல்லாமல் லோடர் மாட்டாதீர்கள். வண்டியின் வார்ப்பிரும்பில் வெல்டிங் வைக்க யாரையும் விடக்கூடாது. ஏற்கெனவே இருக்கும் துளைகளில் ஹை டென்சைல் போல்ட் போட வேண்டும். ஃபிரேமில் வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒட்டியே பிடிக்கச் சொல்லுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் போகும்.

எனக்கு வேலை செய்த மெக்கானிக் பையன், “அண்ணே, உள்ள இருக்கிற பம்ப்லயே லைன் எடுத்துக்கலாம், எதுக்கு வீண் செலவு?” என்றான். மாசியின் ஹைட்ராலிக் பம்பு பின் ஹவுசிங்குக்குள் பி.டி.ஓ. தண்டோடு சுழல்வது. சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். லோடர் வேலையோ நிமிஷத்துக்கு நாலு தடவை கிளட்ச் மிதிக்கிற வேலை. குவியலை முட்டி, கிளட்சை மிதித்து, பக்கெட்டைத் தூக்கலாம் என்று லிவரை இழுத்தால் அசையாது. தவிர, உள் பம்பு கியர் எண்ணெயைத்தான் உறிஞ்சுகிறது. லோடர் ஹோஸில் போகும் தூசு கடைசியில் கியர் பாக்ஸுக்கு வந்து சேரும். ஆகவே கிராங்க் புல்லியிலிருந்து ஓடும் தனி கியர் பம்பு, தனி எண்ணெய்த் தொட்டி, 68 கிரேடு ஹைட்ராலிக் எண்ணெய். பம்பு கப்ளிங் நேர்கோட்டில் நிற்கிறதா என்பதை நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள். கொஞ்சம் கோணினாலும் முதலில் சாவது கிராங்க் ஆயில் சீல்.

பவர் ஸ்டீயரிங் ஆடம்பரம் இல்லை. பக்கெட் நிறைந்த நிலையில் கை ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள், தோள்பட்டையே சொல்லிவிடும். முன் டயரை 6.00-16லிருந்து அதிக பிளை உள்ள 7.50-16க்கு மாற்றினேன்; கிங் பின் புஷ், ஹப் பேரிங் இரண்டும் புதிது.

லோடரைத் தேடும் கதை தனி. கோயம்புத்தூர் புல் மெஷின்ஸ் மாதிரி டிராக்டருக்கென்றே லோடர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வாங்க வசதியிருந்தால் தலைவலி குறைவு. பழையது என்றால் செங்கல் சூளை, அரிசி ஆலை பக்கம்தான் விசாரிக்க வேண்டும். சூளையில் உழைத்த லோடரில் மணல் பின்னையும் புஷ்ஷையும் தின்றிருக்கும். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தி ஆட்டினால் ஆட்டம் தெரிந்துவிடும். சிமென்ட் தளத்தில் இறக்கினால் இரண்டு மூலையும் ஒன்றாகத் தொட வேண்டும். ஒன்று முந்தினால் கை முறுக்கியிருக்கிறது. பக்கெட்டில் பாரம் வைத்து உயர்த்தி, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் சீல் கிட் அல்லது வால்வுச் செலவு காத்திருக்கிறது. புது பெயின்ட் அடித்த கையை நம்பவே நம்பாதீர்கள்; வளைவுப் பகுதியைச் சுரண்டிப் பார்த்துத்தான் பேரம். 45 குதிரைத்திறன் வண்டியிலிருந்து கழற்றியதை 36க்கு மாட்டினால் பிராக்கெட் மட்டுமல்ல, எடையும் பொருந்தாது.

ஓட்டும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. டிப்பர் அருகே வந்த பிறகுதான் தூக்க வேண்டும். வேகமாக இறக்கிச் சட்டென்று நிறுத்துவதுதான் முன் ஆக்சிலுக்கு எமன். கைக்குக் கீழே மனிதர் நிற்கக் கூடாது, பக்கெட்டில் ஆளை ஏற்றித் தேங்காய் பறிப்பதும் கூடாது. ஹோஸில் ஊசிமுனைக் கசிவு இருந்தால் விரலால் தடவாதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டுங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

காகிதமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றியமைப்பது பற்றிப் பேசுகிறது. போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொண்டு மாட்டுங்கள். எங்களுக்குப் பக்கத்து வயல் கடலூர் மாவட்டமாக இருக்கும். விபத்து என்று வந்தால் புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சேறு அடிக்கும் பருவம் வந்தால் லோடரைக் கழற்றிவிடுவேன். லோடரோடு சேற்றில் இறங்கினால் முன் சக்கரம் புதைந்து நின்றுவிடும். கழற்றியதைக் கொட்டகையில் டிரம்கள் மேல் உட்கார வைத்து, கடல் காற்று ராடைத் துருவேற்றாதபடி சிலிண்டரைக் கூடியமட்டும் உள்ளே இழுத்து, வெளியே தெரியும் பாகத்தில் கிரீஸ் பூசுகிறேன். ஹோஸ் முனைகளுக்கு மூடி அவசியம். திறந்து கிடந்தால் குளவி கூடு கட்டிவிடும், மறுபடி மாட்டும்போது அந்த மண் நேரே கன்ட்ரோல் வால்வுக்குப் போகும்.