நிலக்கரி ஊரின் வாகை: பாட்ஸ்வில் மரூன்ஸ், 1925

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிர்ப்பட்டோரை முட்டித் தள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடக்கும் ஆட்டம் அது. கோட்டைக் கடந்தால் 6 புள்ளி. அதன்பின் ஓர் உதை கம்பங்களுக்கிடையே சென்றால் மேலும் 1. ஆட்டத்தின் நடுவே களத்திலிருந்து உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் 3. இக்கட்டுரையைத் தொடர இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்று பணம் கொழிக்கும் தேசியக் கால்பந்து லீக் 1920-இல் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஒரு மோட்டார் வண்டிக் கடையில் கூடிய சிலரால் தொடங்கப்பெற்றது. முதற் பத்தாண்டில் அதற்குப் பெருமதிப்பு இல்லை. மக்கள் பல்கலைக்கழகக் குழுக்களையே உண்மையான ஆட்டக்காரர்களாகக் கருதினர். கூலிக்கு ஆடுவோர் அவர்களுக்கு இரண்டாந்தரமே. 1925-இல் லீக்கில் 20 குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தானே எதிரிகளைத் தேடி நாள் குறித்துக்கொண்டது. ஒரு குழு பத்து ஆட்டம் ஆடும். இன்னொன்று இருபது ஆடும். இறுதிப் பந்தயம் என்று ஒன்று கிடையாது. வென்றவற்றையும் தோற்றவற்றையும் கூட்டி, அதில் வென்ற பங்கு எவருக்கு மிகுதியோ அவரே வாகையர். சமநிலையில் முடிந்த ஆட்டங்கள் கணக்கில் சேரா. விடுதிகளுக்கிடையே பந்தயம் நடத்திப் பழகிய நம் நண்பர்களுக்கு, இத்தகைய கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பது உடனே விளங்கும்.

அந்த ஆண்டில்தான் பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில் லீக்கில் சேர்ந்தது. பிலடெல்பியாவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், மலைகளுக்கிடையே, கடினவகை நிலக்கரி தோண்டும் ஊர். மக்கள்தொகை 20,000-க்குச் சற்றே மேல். குழுவின் உரிமையாளர் ஜான் ஸ்ட்ரீகல் என்னும் அறுவை மருத்துவர். சீருடைக்கு ஆள் அனுப்பியபோது எந்த நிறமானாலும் சரி என்று அவர் சொன்னாராம்; அரக்குச் சிவப்பில் வந்து சேர்ந்தது; மரூன்ஸ் என்ற பெயரும் நிலைத்தது. இப்படி ஒரு கதை அவ்வூரில் உண்டு. பயிற்சியாளர் டிக் ராச். ஆட்டக்காரருள் சார்லி பெர்ரி அவ்வாண்டு லீக்கிலேயே மிகுதியாக 74 புள்ளிகள் எடுத்தவர். டோனி லட்டோன் சிறுவனாக இருந்தபோதே சுரங்கத்தில் உழைக்கப் போனவர். அவர் பந்தோடு ஓடினால் தடுப்பது அரிது.

1925 செப்டம்பர் 1 அன்று, ஆட்டப்பருவம் தொடங்குவதற்குச் சிறிது முன், பென்சில்வேனியாவின் கரிச் சுரங்கத் தொழிலாளர் 1,50,000-க்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 1926 பிப்ரவரி வரை நீடித்தது. ஆகவே நாம் பேசும் ஆட்டங்கள் அனைத்தும் சுரங்க வாயில்கள் அடைத்துக் கிடந்த மாதங்களில் ஆடப்பெற்றவை. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் காணத் தவறுகின்றனர்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை அம்மாநிலச் சட்டம் தடுத்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த பிராங்க்போர்டு எல்லோ ஜாக்கெட்ஸ் குழு அதற்கு அஞ்சிச் சொந்தக் களத்தில் சனிக்கிழமை ஆடியது. கரி நாட்டிலோ அச்சட்டத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. சனியன்று பிராங்க்போர்டுடன் மோதிவிட்டு, மறுநாள் களைப்போடு பாட்ஸ்வில் வந்து அடிவாங்கிச் சென்ற குழுக்கள் உண்டு! பாட்ஸ்வில்லின் வெற்றிகளை எடைபோடும்போது இச்சலுகையையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஆனால் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பருவம் முழுவதும் அவர்கள் எடுத்த புள்ளிகள் 270, விட்டவை 45. நவம்பர் 14-இல் பிராங்க்போர்டிடம் 20-0 என்று தோற்றவர்கள், அதே மாதம் 29-இல் அதே குழுவை 49-0 என்று நொறுக்கினர்.

டிசம்பர் 6 அன்று பாட்ஸ்வில் சிகாகோ சென்றது. எதிரி கார்டினல்ஸ், 9 வெற்றி, 1 தோல்வி, 1 சமநிலையோடு முன்னணியில் நின்றவர்கள். கடுங்குளிரில் நடந்த ஆட்டத்தில் பாட்ஸ்வில் 21-7 என்று வென்றது. கணக்கு மாறியது. பாட்ஸ்வில் 12-இல் 10 வெற்றி, 83.3 சதவீதம், கார்டினல்ஸ் 11-இல் 9 வெற்றி, 81.8 சதவீதம். பத்திரிகைகள் பாட்ஸ்வில்லையே வாகையர் என்று எழுதின.

ஆனால் பருவம் முடியவில்லை. கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓ'பிரையன் அவசரமாக இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். டிசம்பர் 10-இல் மில்வாக்கி பேட்ஜர்ஸை 59-0 என்றும், 12-இல் ஹாமண்ட் புரோஸை 13-0 என்றும் கார்டினல்ஸ் வென்றது. மில்வாக்கிக் குழுவில் ஆள் போதாமையால் உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வரைக் களத்தில் இறக்கினர்! லீக் தலைவர் ஜோ கார் சினங்கொண்டார். ஓ'பிரையனுக்கு 1,000 டாலர் தண்டம் விதித்தார்; மில்வாக்கி உரிமையாளர் குழுவை விற்றுவிடவேண்டும் என்றார். ஆயினும் அந்த ஆட்டம் இன்றும் பதிவேட்டில் இருக்கிறது.

பாட்ஸ்வில்லும் சும்மா இருக்கவில்லை. டிசம்பர் 12-இல் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டக்காரர்களோடு மோதியது. 1924-இல் நாட்டைக் கலக்கிய 'நான்கு குதிரைவீரர்கள்' அக்குழுவில் இருந்தனர். சொந்தக் களம் சிறியது, வசூல் வேண்டுமே! ஆகவே ஆட்டம் பிலடெல்பியாவின் ஷைப் பார்க்கில் நடந்தது. 7-6 என்று பின்தங்கியிருந்த வேளையில், ஆட்டம் முடியும் தறுவாயில், பெர்ரி களத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களைக் கடந்தது. 9-7. கூலி ஆட்டக்காரர்கள் கல்லூரிப் புகழை வீழ்த்தினர்.

அந்த வெற்றிதான் அவர்களுக்கு வினையாயிற்று. பிலடெல்பியா பிராங்க்போர்டின் எல்லை. பிறர் எல்லைக்குள் இசைவின்றி ஆடக்கூடாது என்பது லீக் விதி. பிராங்க்போர்டு முறையிட்டது. தாம் முன்கூட்டியே எச்சரித்ததாகக் கார் சொன்னார். லீக் அலுவலகம் தொலைபேசியில் இசைவு தந்ததாக ஸ்ட்ரீகல் சொன்னார். பாட்ஸ்வில் லீக்கிலிருந்து இடைநீக்கம் செய்யப்பெற்றது. முதலிடம் 11 வெற்றி, 2 தோல்வியோடு, 84.6 சதவீதம் என்று கார்டினல்ஸுக்குப் போயிற்று.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிச் சிறுவர் ஆடிய அந்த ஒரே ஆட்டத்தை நீக்கினால் கார்டினல்ஸுக்கு 12-இல் 10 வெற்றி. பாட்ஸ்வில்லுக்கும் 12-இல் 10! அப்போது நேருக்கு நேர் மோதியதில் வென்றவர் யார் என்ற கேள்விதான் எஞ்சும். ஸ்ட்ரீகல் எல்லை விதியை மீறவில்லை என்று நான் வாதிடவில்லை. ஒருவர் குற்றத்துக்குத் தண்டப் பணம், மற்றவர் குற்றத்துக்குப் பட்டமே பறிபோதல் என்ற ஏற்றத்தாழ்வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஓ'பிரையன் அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்தார் என்பதைக் குறிப்பிடாமல் விடுவது முறையன்று. பின்னாளில் சார்லஸ் பிட்வில் குழுவை வாங்கிய பிறகே கார்டினல்ஸ் அதை உரிமை கொண்டாடத் தொடங்கியது. 1947-இல் வென்றது நீங்கலாக அக்குழுவுக்கு வேறு பட்டம் இல்லை. ஆகவே விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை போலும். பாட்ஸ்வில்லை 1926-இல் லீக் மீண்டும் சேர்த்துக்கொண்டது. 1929-இல் குழு பாஸ்டனுக்குப் பெயர்ந்து, அவ்வாண்டோடு மறைந்தது.

ஊரார் மட்டும் விடவில்லை. 1963-இல் லீக் உரிமையாளர்கள் முன் முறையிட்டனர். 12-2 என்ற வாக்கில் தள்ளினர். 2003-இல் மறுபடி முறையிட்டனர், இம்முறை 30-2. ஆதரித்த இரண்டும் பென்சில்வேனியக் குழுக்களான பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும். லீக் தராத கோப்பையை ஊரே செய்துகொண்டது: கரியில் செதுக்கிய கால்பந்து. கான்டன் நகரில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அது வைக்கப்பெற்றுள்ளது.