பழைய லேப்டாப்பில் சின்னமன் டெஸ்க்டாப்பைப் புதுப்பிப்பது எப்படி?

மேலகரம், இலஞ்சி, தென்காசி வட்டாரத்து வீடுகளில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்ட நிலையில், இப்படிப்பட்ட கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல வழி. மின்ட்டை ஏற்கெனவே போட்டு, அதன் சின்னமன் டெஸ்க்டாப்பைப் புதிய பதிப்புக்கு மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மெனு, பேனல், ஜன்னல்கள், ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் டெஸ்க்டாப். சின்னமனுக்குள் மஃபின், நீமோ, சிஜேஎஸ் என்று பல பாகங்கள் உண்டு. இவை ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகளாக இருக்க வேண்டும். அதனால் சின்னமனை மட்டும் வெளியிலிருந்து எடுத்து ஏற்றாதீர்கள். மின்ட்டின் அடுத்த பதிப்புக்குப் போனாலே சின்னமனும் கூடவே மாறிவிடும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22-இல் இருந்தது சின்னமன் 6.2, 2025 ஜனவரியில் வந்த 22.1-இல் அது 6.4 ஆனது.

படி 1: இப்போது இருப்பது எது?

சிஸ்டம் செட்டிங்ஸில் 'சிஸ்டம் இன்ஃபோ'வைத் திறந்தால் மின்ட் பதிப்பு, சின்னமன் பதிப்பு, ரேம் மூன்றும் தெரியும். 22 வரிசையில் இருந்தால் கீழே சொல்லும் முறை அப்படியே பொருந்தும். 21 வரிசையில் இருந்தால் முதலில் 21.3-க்கு வாருங்கள். அங்கிருந்து 22-க்குப் போக 'மின்ட்அப்கிரேட்' என்ற தனிக் கருவி உண்டு. ரேம் 2 ஜிபிதான் என்றால் சின்னமன் திணறும். அந்தக் கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பே ஏற்றது.

படி 2: இரண்டு காப்பு எடுங்கள்

முதல் காப்பு உங்கள் கோப்புகளுக்கு. படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

இரண்டாவது காப்பு சிஸ்டத்துக்கு. மின்ட்டுடனே வரும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து 'ஆர்சிங்க்' முறையைத் தேர்ந்தெடுத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். இதில் இரண்டு விஷயங்கள் கவனம். டைம்ஷிஃப்ட் தானாக ஹோம் ஃபோல்டரைச் சேர்க்காது. அதனால்தான் கோப்புகளுக்குத் தனிக் காப்பு. ஸ்னாப்ஷாட்டை வைக்கும் பார்ட்டிஷன் ஈஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வகையாக இருக்க வேண்டும். விண்டோஸ் பார்ட்டிஷனிலோ சாதாரண பென் டிரைவிலோ அதை வைக்க முடியாது.

படி 3: கரன்ட்டைப் பார்த்து நாள் குறியுங்கள்

நம்ம ஊரில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலோடு வீசும் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் கரன்ட் போய்விடும். பழைய லேப்டாப்களில் பேட்டரியும் பெரும்பாலும் செத்திருக்கும். வயரைப் பிடுங்கினாலே அணைந்துவிடும்.

பதிப்பை மாற்றும் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பேக்கேஜ்கள் டவுன்லோடு ஆகும். இந்த நேரத்தில் கரன்ட் போனாலும் பாதகமில்லை, மறுபடி தொடங்கலாம். அடுத்தது இன்ஸ்டால். அப்போது அணைந்தால் சிஸ்டம் பாதி புதிது, பாதி பழையது என்று நின்றுவிடும். ஆகவே பேட்டரி தாங்காத லேப்டாப்பை இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலோ யுபிஎஸ்ஸிலோ செருகிய பிறகே தொடங்குங்கள். ஸ்கிரீன்சேவரையும் தானாகத் தூங்கப்போகும் வசதியையும் நிறுத்திவையுங்கள்.

படி 4: ஆப்லெட், தீம்களை முதலில் புதுப்பியுங்கள்

பேனலில் நீங்களாகச் சேர்த்த வானிலை, கடிகாரம் போன்ற ஆப்லெட்களும் எக்ஸ்டென்ஷன்களும் பழையதாகவே இருந்தால், புதிய சின்னமனில் பேனல் குழம்பலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் ஆப்லெட்ஸ், டெஸ்க்லெட்ஸ், எக்ஸ்டென்ஷன்ஸ், தீம்ஸ் பகுதிகளுக்குள் போய் ஒவ்வொன்றிலும் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். பயன்படுத்தாததை நீக்கிவிடுங்கள்.

படி 5: பதிப்பை மாற்றுங்கள்

1. அப்டேட் மேனேஜரைத் திறந்து ரிஃப்ரெஷ் கொடுங்கள். வந்திருக்கும் அப்டேட்கள் எல்லாவற்றையும் போடுங்கள்.
2. டவுன்லோடு மெதுவாக இருந்தால், சாஃப்ட்வேர் சோர்சஸில் வேகமான மிர்ரர்களைத் தேர்ந்தெடுங்கள். மெயின், பேஸ் இரண்டுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும்.
3. அப்டேட் மேனேஜரின் 'எடிட்' மெனுவில் புதிய பதிப்புக்கு மாறச் சொல்லும் வரி இருக்கும். அதை அழுத்தி, திரையில் வரும் குறிப்புகளைப் படித்தபடியே முன்னேறுங்கள்.
4. இடையில் ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பைப் பழையபடி வைக்கவா, புதியதாக மாற்றவா என்று கேட்டால் புதியதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோப்பை நீங்களே திருத்தியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.
5. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 6: சோதித்துப் பாருங்கள்

வைஃபை, ஒலி, பிரின்டர், பென் டிரைவ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்து தமிழ். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் வழியாகப் பயன்படுத்துகிறவர்கள், டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து 'மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலக் குறவஞ்சி' என்று அடித்துப் பாருங்கள். இரட்டைக்கொம்பு, புள்ளி, துணைக்கால் எல்லாம் அதில் வந்துவிடும். 'மே'யில் கொம்பு 'ம'வுக்கு இடப்புறம் நிற்க வேண்டும். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். விசைப்பலகையே மாறவில்லை என்றால் ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐ மறுபடி சேருங்கள்.

6.2-இலிருந்து வருபவர்கள் 'நைட் லைட்' வசதியையும் பாருங்கள். இரவில் திரையின் நீல வெளிச்சத்தைக் குறைக்கும் இது, 6.4-இல்தான் சின்னமனுக்குள்ளேயே வந்தது.

சிக்கல் வந்தால்

பேனல் உறைந்து நின்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னமன் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்த வேலைகள் போகாது.

இன்ஸ்டால் நடுவில் கரன்ட் போயிருந்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ரிக்கவரி மோடுக்குப் போய் 'டிபிகேஜி' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அரைகுறையாக நின்ற பேக்கேஜ்களை அது சரிசெய்யப் பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால், மின்ட் ஏற்றிய பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, அதிலுள்ள டைம்ஷிஃப்ட் மூலம் உங்கள் ஸ்னாப்ஷாட்டை மீட்டெடுங்கள். பழைய டெஸ்க்டாப் அப்படியே திரும்பி வரும்.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று சில நாள் பார்த்த பிறகு பழைய ஸ்னாப்ஷாட்டை அழித்தால் டிஸ்க்கில் இடம் மிஞ்சும். 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்கள் உண்டு. பிளஸ் டூ முடித்த அக்கா வைத்திருந்த லேப்டாப்பில், இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் தம்பி இன்னும் சில ஆண்டுகள் தமிழில் எழுதிப் படிக்க அது போதும்.