லோங்காங் அடைத்தால் யாரிடம் போவது? தாமானில் இலவச வகுப்பு நடத்த ஒரு வழிகாட்டி

ஷா ஆலமில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இதே கதைதான். லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொள்ளும், கொசு பெருகும், வாட்சாப் குழுவில் நாலு நாள் புலம்பல் ஓடும். கடைசியில் ஒருவர்கூடப் புகார் எழுதியிருக்க மாட்டார். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று தெரியாததால்தான் அப்படி. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி ஒரு வகுப்பு நடத்தினால் இந்தக் குறையைத் தீர்க்கலாம்.

முதலில் இடம் பிடியுங்கள். பாலாய் ராயா, கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி வகுப்பறை எதுவானாலும் வயதானவர்கள் நடந்து வரும் தூரத்தில் இருக்கட்டும். இருபது பேர் போதும். கூட்டம் பெருத்தால் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள். உங்கள் வட்டாரத்து மாநகர் மன்ற உறுப்பினரையும் இந்தியச் சமூகத் தலைவரையும் அழையுங்கள். மேடை, மாலை வேண்டாம். மக்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.

அழைப்பிலேயே, வீட்டுக்கு வரும் பில்கள் அத்தனையும் கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் பாடம் அந்தப் பில்கள்தான். நிலவரி நில அலுவலகத்துக்குப் போகிறது, மே 31க்குள். மதிப்பீட்டு வரி, அதாவது நாம் சொல்லும் சுக்காய் பிந்து, மாநகர் மன்றத்துக்குப் போகிறது. பிப்ரவரி இறுதிக்குள் ஒன்று, ஆகஸ்டு இறுதிக்குள் ஒன்று. நாங்கள் நடத்திய வகுப்பில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையிலிருந்து இரண்டு பில்களையும் எடுத்துப் அருகருகே வைத்துப் பார்த்தார். “ஒன்னக் கட்டுனா போதும்னுல்ல இருந்தேன்” என்றார். அபராதம் ஏன் வந்தது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது, யாருக்கு எது பொறுப்பு என்பது. வகுப்பின் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். வீட்டு முன் லோங்காங் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தது. குப்பை அள்ளுவது கேடிஇபி நிறுவனம். குழாய்த் தண்ணீர் ஆயர் சிலாங்கூர், கழிவுநீர்க் குழாய் இண்டா வாட்டர். ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்ப்பாசன வடிகால் துறையின் வேலை. 2021 டிசம்பர் 18-இல் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதென்றால் முதலில் நிர்வாகக் குழு. அவர்கள் அசையாவிட்டால் மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையர் பிரிவு.

பிறகு எல்லோரையும் எழுத வையுங்கள். ஆளுக்கொரு புகார், அங்கேயே, கைப்பேசியிலேயே. விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண், லோங்காங் என்றால் எதிர்வீட்டு எண், படம், தேதி. நான்கு வரி மலாய் போதும். அடுவான் (புகார்), லம்பு ஜாலான் (தெருவிளக்கு), தெர்சும்பாட் (அடைத்திருக்கிறது) போன்ற சொற்களைப் பலகையில் எழுதிப் போடுங்கள். புகார் எண் வந்ததும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். எண் கையில் இல்லாத புகார் வெறும் பேச்சாகவே போய்விடும்.

கடைசிக் கால் மணி நேரம் சட்டத்துக்கு. 1965-இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அதனால் 1976 உள்ளாட்சிச் சட்டம் தரும் உரிமைகளை நாம் தெரிந்துவைத்திருப்பது இன்னும் அவசியமாகிறது. புதிய வரி மதிப்பீடு அநியாயமாகத் தோன்றினால் மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள் முன்பே எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். மன்றம் தீர்மானம் போட்டு மூடினால் தவிர, அதன் கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவை. சிலாங்கூரில் 2011-இல் இயற்றிய தகவல் பெறும் சட்டமும் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அதே இருபது பேரைத் திரும்பக் கூட்டுங்கள். தீராத புகார் எண்களை ஒரே தாளில் எழுதி மன்ற உறுப்பினரின் கையில் கொடுங்கள். வரும்போது அந்த நோட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.