லீக் மாறிய காலேஜ்கள்: வேலை மாறும் முன் போட வேண்டிய 4 கணக்குகள்



வேலை மாறலாமா வேண்டாமான்னு யோசிக்கும்போது நாம முதல்ல பார்க்கிறது ஒரே ஒரு எண்தான். புது கம்பெனி எவ்வளவு தருது? இதே கேள்வியைப் பல கோடி டாலர் கணக்குல கேட்டவங்க அமெரிக்காவில இருக்காங்க. அந்த ஊர் யுனிவர்சிட்டிகள்தான் அது. ஃபுட்பாலுக்காக அவங்க ஒரு லீக்கை விட்டு இன்னொரு லீக்குக்குப் போனதுல யாருக்கு எவ்வளவு கைக்கு வந்தது, யாருக்கு எவ்வளவு கழிஞ்சது? இதைப் புரிஞ்சுக்கிட்டா உங்க ஆஃபர் லெட்டரைப் படிக்கிற விதமே மாறிடும்.

முதல்ல அடிப்படை

இங்க ஃபுட்பால்னா நாம காலால ஆடுற பந்தாட்டம் இல்ல. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தை வெச்சு ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால். அங்க காலேஜ் டீம் மேட்சுக்கே பெரிய பெரிய ஸ்டேடியம் நிரம்பும். யுனிவர்சிட்டிகள் குழுவா சேர்ந்து ஒரு லீக் நடத்துவாங்க. அதுக்குப் பேர் கான்ஃபரன்ஸ். பிக் டென், எஸ்இசி, பிக் 12, ஏசிசி, பேக்-12 ஆகிய அஞ்சும்தான் ரொம்ப நாளா பெரிய பேர்.

டிவி சேனல்கள் கான்ஃபரன்ஸோட ஒப்பந்தம் போடும். வர்ற பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்குவாங்க. 1984-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், டிவி உரிமையை என்சிஏஏ என்ற தலைமை அமைப்பு மட்டுமே கையில வெச்சிருக்க முடியாதுன்னு தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம்தான் இந்தச் சந்தை திறந்துச்சு. அதனால ஒரு யுனிவர்சிட்டிக்கு எந்த கான்ஃபரன்ஸ்ல இருக்கோம்ங்கிறது, நமக்கு எந்த கம்பெனியில இருக்கோம்ங்கிற மாதிரிதான்.

ஒரே நாள்ல 5 ராஜினாமா

பேக்-12, மேற்குக் கடற்கரைப் பக்கத்தோட நூறாண்டு பழைய கான்ஃபரன்ஸ். 1915-ல வேற பேர்ல ஆரம்பிச்சது. 2022 ஜூன் 30 அன்னைக்கு அதோட ரெண்டு பெரிய பேரான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போறோம்னு அறிவிச்சாங்க. அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள பிக் டென், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூணோடயும் 7 வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு. மதிப்பு 700 கோடி டாலருக்கு மேலன்னு செய்தி வந்துச்சு.

மிச்சம் இருந்த 10 பேருக்காக பேக்-12 பேரம் பேச ஆரம்பிச்சுது. இஎஸ்பிஎன் ஒரு யுனிவர்சிட்டிக்கு வருஷம் 3 கோடி டாலர் கணக்குல பேச, பேக்-12 தரப்பு 5 கோடி கேட்டதா பின்னாடி செய்திகள்ல வந்துச்சு. இந்தப் பேரம் இழுத்துக்கிட்டு இருந்தப்போ, 2022 அக்டோபர்ல பிக் 12 முந்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுச்சு. ஒருத்தருக்கு வருஷம் சராசரியா 3.17 கோடி டாலர்.

கடைசியில பேக்-12 கையில மிஞ்சினது ஆப்பிளோட ஸ்ட்ரீமிங் ஆஃபர். அதுல உறுதியான தொகை குறைவு. சந்தாதாரர் எண்ணிக்கை கூடினா பணமும் கூடும். நம்ம பாஷையில சொன்னா ஃபிக்ஸ்டு கம்மி, வேரியபிள் ஜாஸ்தி. 2023 ஜூலையில கொலராடோ கிளம்பிடுச்சு. ஆகஸ்ட் 4-ம் தேதி ஒரே நாள்ல ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய 5 பேர் கிளம்பிட்டாங்க. செப்டம்பர் 1 அன்னைக்கு ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் போயாச்சு. 12 பேர்ல மிஞ்சினது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ரெண்டே பேர்.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம்.

கணக்கு 1: வெளிய வர எவ்வளவு?

பேக்-12-ல இருந்து போன 10 பேரும் வெளியேறும் கட்டணம் எதுவும் கட்டல. டிவி ஒப்பந்தம் 2024-ல முடியுது, அதோட அவங்க கட்டுப்பாடும் முடியுது. முடியுற தேதி பார்த்துக் கிளம்பினாங்க.

டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு எஸ்இசிக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2024-லயே, போகணும்னு நினைச்சாங்க. அந்த ஒரு வருஷத்தோட விலை, ரெண்டு பேருக்கும் சேர்த்து 10 கோடி டாலர். நோட்டீஸ் பீரியட் பை-அவுட் மாதிரிதான்.

மேரிலாந்து 2012-ல ஏசிசியை விட்டுப் போறோம்னு சொன்னப்போ, ஏசிசி 5 கோடி டாலருக்கு மேல கேட்டுச்சு. வழக்குகள் நடந்து 2014-ல சமரசம் ஆச்சு. ஏசிசி தராம நிறுத்தி வெச்சிருந்த சுமார் 3.1 கோடி டாலர் ஏசிசிக்கே போச்சு. ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்ல பிடிச்ச பணம் திரும்ப வராத கதை பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.

மேரிலாந்து போற அதிர்ச்சியில மத்தவங்க 2013-ல 'இனி யாரும் போகக்கூடாது'ன்னு ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டாங்க. போனாலும் உங்க சொந்த மைதான மேட்சோட டிவி உரிமை ஏசிசிகிட்டயே இருக்கும். 2016-ல அதை 2036 வரைக்கும் நீட்டினாங்க. அப்போ எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. சில வருஷத்துல மத்த லீக் சம்பளம் எகிறினப்போ ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பர்ல கோர்ட்டுக்குப் போச்சு. வெளிய வர 57.2 கோடி டாலர் ஆகும்னு அவங்களே மனுவுல சொன்னாங்க. 2025 மார்ச்ல சமரசம் வந்து, கட்டணம் வருஷா வருஷம் குறைஞ்சு 7.5 கோடியில நிக்கும்னு முடிவாச்சு.

பாருங்க, கையெழுத்துப் போடுற அன்னைக்கு வெளியேறும் ஷரத்தை யாரும் பெரிசா எடுத்துக்கறதில்ல. அதோட விலை தெரியறது போகணும்னு நினைக்கிற அன்னைக்குத்தான்.

கணக்கு 2: உள்ள போனா முழுப் பங்கா?

யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் நாலு பேரும் 2024-ல ஒரே சமயத்துல பிக் டென்ல சேர்ந்தாங்க. முதல் ரெண்டு பேருக்கு முழுப் பங்கு. அடுத்த ரெண்டு பேருக்குக் கிட்டத்தட்ட பாதி, வருஷம் சுமார் 3 கோடி டாலர்ல ஆரம்பம். காரணம் எளிமையானது. முதல் ரெண்டு பேர் பேசினப்போ அவங்க இருந்த வீடு நல்லா இருந்துச்சு. பின்னாடி வந்தவங்க பேசினப்போ வீடு இடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் ஏசிசியில முதல் 7 வருஷம் 30 சதவீதப் பங்குக்குச் சம்மதிச்சாங்க. டல்லஸ்ல இருக்கிற எஸ்எம்யு 9 வருஷம் டிவி பணமே வேண்டாம்னு சேர்ந்துச்சு! ஆனா அவங்களுக்குப் பின்னாடி பணக்கார முன்னாள் மாணவர்கள் இருந்தாங்க. ஒரே வாரத்துல 10 கோடி டாலர் நன்கொடை திரட்டினாங்க. சேர்ந்த முதல் சீசன்லயே தேசிய பிளே-ஆஃப்புக்கும் போனாங்க. குறைஞ்ச சம்பளத்துல பெரிய இடத்துக்குப் போறது தப்பில்ல. அந்தக் காலத்தைத் தாங்க கையில எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கான்னு பார்த்துட்டுப் போகணும்.

கணக்கு 3: போன பிறகு செலவு என்ன?

லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற யுசிஎல்ஏவுக்கு இப்போ லீக் எதிரி, நாட்டோட மறுகோடியில நியூ ஜெர்சியில இருக்கிற ரட்கர்ஸ். ஃபுட்பால் டீம் மட்டும் இல்ல, வாலிபால், சாஃப்ட்பால் ஆடுற பிள்ளைகளும் இந்தத் தூரம் பறக்கணும். அதுக்கு மேல, யுசிஎல்ஏ போனதால பாதிக்கப்பட்ட கால் பெர்க்லிக்கு வருஷம் 1 கோடி டாலர் கொடுக்கணும்னு ரெண்டுக்கும் பொதுவான நிர்வாகக் குழு 2024-ல முடிவு பண்ணிச்சு.

கணக்கு 4: எத்தனை வருஷத்துக்கு?

இதை உங்க எண்ணுக்கு மாத்திப் பார்ப்போம். இப்போ கைக்கு வர்றது மாசம் 45,000. புது ஊர்ல புது வேலையில 58,000. வித்தியாசம் 13,000, வருஷத்துக்கு 1,56,000. நோட்டீஸ் பை-அவுட் 45,000. வாடகையும் போக்குவரத்தும் கூடுதலா மாசம் 6,000, வருஷம் 72,000. முதல் வருஷம் மிஞ்சுறது 39,000 மட்டும். ரெண்டாவது வருஷத்துல இருந்து 84,000. ஒரு வருஷத்துல திரும்ப மாறுவீங்கன்னா லாபம் ரொம்பக் குறைவு. மூணு வருஷம் இருப்பீங்கன்னா 2,07,000, நல்ல முடிவுதான்.

கையெழுத்துக்கு முன்னாடி இதைப் பாருங்க

1. பாண்ட் இருக்கா, எத்தனை மாசம், தொகை எவ்வளவு? ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பாங்களா?
2. சிடிசியில ஃபிக்ஸ்டு எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு? வேரியபிள் வராத மாசத்துல இஎம்ஐ கட்ட முடியுமா?
3. 5 வருஷம் முடிய சில மாசம்தான் பாக்கியா? கிராஜுவிட்டியைக் கணக்குல சேருங்க. பிஎஃப் பணத்தை எடுக்காதீங்க, புதுக் கணக்குக்கு மாத்துங்க.
4. இப்போ இருக்கிற கம்பெனி ஆட்டம் காணுதா? அப்படின்னா இன்னும் நல்லா இருக்கும்போதே தேட ஆரம்பிங்க.

மிஞ்சின அந்த ரெண்டு பேர் என்ன ஆனாங்கன்னு கேட்பீங்க. கோர்ட்டுக்குப் போய் பேக்-12 நிர்வாகத்தைத் தங்கள் கையில எடுத்துக்கிட்டாங்க. போனவங்களுக்குச் சேர வேண்டிய தொகையில சுமார் 6.5 கோடி டாலரை சமரசத்துல நிறுத்தி வெச்சாங்க. பாய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் மாதிரி புது உறுப்பினர்களைக் கூட்டி, 2026-ல இருந்து லீக்கை மறுபடி கட்டுறாங்க. பின்தங்கினவங்களுக்கும் வழி இருக்கு, ஆனா அதுக்கு அவங்களும் ஒப்பந்தத்தை வரி வரியாப் படிக்க வேண்டியிருந்துச்சு.

இந்த வாரம் உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வெளியேறும் ஷரத்து இருக்கிற பக்கத்தை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அடுத்த வீடியோவில சந்திப்போம்.